மீன் நல்லா கீது

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் ஒரு நாள் முழுக்கக் கோவிந்தம்மாவின் குரல் கேட்கவில்லை என்றால், அவளுக்கு உடம்புக்கு என்னவோ என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட வாய் அது. காலையில் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூரிலும் காலடிப்பேட்டையிலும் தெருத்தெருவாக விற்று, மத்தியானம் காலிக் கூடையோடு வீடு திரும்புகிற வரைக்கும் அந்த வாய்க்கு ஓய்வு கிடையாது. வாயால்தான் வாங்கினாள், வாயால்தான் விற்றாள். வாயில்லாதவள் மீன் கூடை தூக்கி என்ன பிரயோஜனம் என்று அவளே கேட்பாள்.

வெளியூர்க்காரர்கள் முதல் தடவை மீன் ஏலத்தைப் பார்த்தால் அடிதடி நடக்கப்போகிறது என்று ஒதுங்கி நிற்பார்கள். மீன் கேட்கிறவள் முதலில் அந்த மீனைத் திட்டியாக வேண்டும். இது மீனா பொணமா, கண்ணு பஞ்சடைஞ்சு போச்சே, போன அமாவாசைக்குச் செத்ததா என்று ஆரம்பிப்பாள். விற்கிறவன் பதிலுக்கு அவளுடைய கண்ணைத் திட்டுவான், பரம்பரையை இழுப்பான். விலை படிந்ததும் இரண்டு பேரும் ஒரே கடையில் நின்று டீ குடிப்பார்கள். யார் மனசிலும் ஒரு கீறல் இருக்காது. ஒருத்தி திட்டாமல் வாங்கினால்தான் ஏலக்காரனுக்குச் சந்தேகம் வரும்.

அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. திட்டுவதை முகத்துக்கு நேராக, நாலு பேர் கேட்க, நான் இன்னார் என்று காட்டிக்கொண்டு திட்ட வேண்டும். மறைவில் நின்று பேசுகிறவனைக் குப்பத்தில் ஆம்பிளையாகவும் மதிக்க மாட்டார்கள், பொம்பிளையாகவும் மதிக்க மாட்டார்கள். சண்டை பெரிதானாலும் இதே வழிதான். எதிராளியின் வாசலில் போய் நின்று கத்த வேண்டும். கத்தினால்தான் ஊர்ப் பெரியவர்கள் காதில் விழும். விழுந்தால்தான் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசி முடிப்பார்கள். கோவிந்தம்மா அந்த வழியில் எத்தனையோ வழக்கை முடித்திருக்கிறாள். கத்திய சத்தம் அடங்கும் முன்பே பேச்சுவார்த்தைக்கு ஆள் வந்துவிடும்.

அவள் புருஷன் கோதண்டம் நேர் எதிர். கடலுக்குப் போவார், வருவார், வலையைப் பிரிப்பார். நாள் முழுக்கச் சேர்த்தாலும் அவர் பேசுவது ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். அவர் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவள் பேசினாள் என்று குப்பத்தில் கேலி செய்வார்கள். மகள் பவானி அப்பாவைக் கொண்டு பிறந்தாள். மகன் தீபன் அச்சு அசலாக அம்மா.

எண்ணூர் முகத்துவாரத்தின் தண்ணீர் என்ன கதிக்கு ஆளானது என்று அங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல், ஒரு பக்கம் ஆலை எண்ணெய். ஆற்றில் பிடிக்கிற மடவை மீனில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். கடலில் ஒன்றும் கிடைக்காத நாளில் அதைத்தான் குழம்பு வைக்க வேண்டியிருக்கும். புளியைக் கூடக் கரைத்து ஊற்றி, பூண்டை நசுக்கிப் போட்டுக் கோவிந்தம்மா வாடையை மறைக்கப் பார்ப்பாள். சின்ன வயசுத் தீபன் ஒரு வாய் வைத்ததும் தட்டைத் தள்ளிவிட்டு, இத்த பூனைகூடத் துன்னாது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவான். அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அடிக்க ஓடுகிறவள் முகத்தில் சிரிப்பு இருக்கும். வாய் தப்பாமல் பிறந்திருக்கிறது என்ற பெருமை அது.

வளர்ந்து ஐடிஐயில் வெல்டிங் படித்தான் தீபன். ஆற்றில் மீன் செத்து, கடலில் மீன் தேடிப் போகும் தூரம் கூடிப்போன காலம். படகில் ஏறாமல் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினான். கப்பல் பழுது பார்க்கிற பட்டறையில் வேலை. ராயபுரத்துப் பையன் ரஹீம் அதே அறையில் தங்கியிருந்தான். ஒரே கடற்கரைக்காரர்கள் என்பதால் ஒட்டிக்கொண்டார்கள். தொழிலாளர் முகாமுக்குப் பக்கத்தில் தமிழ்க்காரர் ஒருவரின் ஓட்டல் இருந்தது. பெரிய மீன் படம் போட்ட போர்டு. அதே மீன் படத்தோடு ராயபுரத்தில் இன்னொரு ஓட்டல் உண்டு, அதை முதலாளியின் தம்பி நடத்தினார். முகாமில் பாதிப் பேர் அங்கேதான் மாதச் சாப்பாடு. வேறு போக்கிடம் இல்லை.

மற்றவர்கள் என்ன மீன் என்றே தெரியாமல் சாப்பிட்டார்கள். தீபனால் முடியவில்லை. ஏலத் தரையில் தவழ்ந்த பிள்ளைக்கு மூக்கை மூடிக்கொண்டு சாப்பிட வருமா? கல்லாவில் இருந்தவனிடம் நேராகவே போய் மீன் நாறுகிறது என்று சொன்னான். இஷ்டம் இருந்தால் தின்னு, இல்லாவிட்டால் உன் ஊருக்குப் போய்த் தின்னு என்று பதில் வந்தது. அந்த வாரமே ரஹீமுக்கு வாந்தியும் பேதியுமாகி ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் சில பேருக்கும் வயிறு கெட்டது. எல்லோரும் முணுமுணுத்தார்கள். சத்தமாக ஒருத்தனும் பேசவில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அது. ஆர்குட் என்று ஒன்றில் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் விழுந்து கிடந்தார்கள். ஷார்ஜா பக்கத்துத் தமிழ்ப் பையன்கள் கூடிப் பேச அதில் ஓர் இடம் இருந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் தீபன் நெட் கடைக்குப் போய் உட்கார்ந்து, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினான். அம்மா ஏலத்தில் பேசுவதை அப்படியே எழுதினான்.

"இந்த ஓட்டல்ல எவனும் மீன் கொயம்பு துன்னாதீங்க. வஞ்சரம்னு சொல்ட்டு வெக்கிறான், அது செத்து கருமாதியே முடிஞ்சு போச்சு. ஐஸ்ல வெச்ச பொணத்துக்கு மசாலா தடவி நமக்குப் போடறான். ஓனரு துட்டுக்கு மனுசனைக் கொல்றவன். டவுட்டு இருந்தா எனக்குப் போன் போடு."

கீழே தன் முழுப் பெயர், கம்பெனி பெயர், முகாம், செல் நம்பர் எல்லாவற்றையும் போட்டான். அப்பாவின் படகில் சாய்ந்து நிற்கிற போட்டோ ஏற்கெனவே இருந்தது. புனைபெயரில் ஒளிந்துகொண்டு எழுதத் தெரியாதவனா அவன்? தெரியும். ஆனால் பெயர் சொல்லாமல் திட்டுவது நெட்டுக்குப்பத்தில் கேவலம்.

பவானி திருவொற்றியூரில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். கடைக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் அதைப் படித்துவிட்டு, காகிதத்தில் பிரதி எடுத்து வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். கருமாதி என்ற இடம் வந்ததும் கோவிந்தம்மா தொடையைத் தட்டிச் சிரித்தாள். மறுநாள் ஏலத்தில், காலடிப்பேட்டைத் தெருக்களில், ஷேர் ஆட்டோவில் என்று போகிற இடமெல்லாம் சொன்னாள். வெளிநாட்டிலும் எம்புள்ள வாய் செத்துப் போகல என்றாள்.

ரஹீமின் போன் பவானியின் செல்லுக்கு வந்தபோது கோவிந்தம்மா வாசலில் கவளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தீபனைப் போலீஸ் கூப்பிட்டு ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டது என்றான். ஓட்டல் முதலாளி அந்த எழுத்தைப் படம் பிடித்து, அரபியில் மொழிபெயர்த்துப் புகார் கொடுத்திருக்கிறார். தேடி அலையும் வேலைகூடப் போலீசுக்கு இல்லை. பெயரும் நம்பரும்தான் கீழேயே இருந்ததே. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே விட்டிருக்கிறார்கள். கேஸ் முடியாமல் அந்த நாட்டை விட்டு நகர முடியாது. முடிந்தால் ஜெயிலா, அபராதமா, இரண்டுமா என்று யாருக்கும் தெரியாது. ரஹீம் இதைச் சொல்லும்போதே அழுதான். சாட்சி சொல்ல வருவியா என்று பவானி கேட்டதும் போனை வைத்துவிட்டான். அவனுக்கும் விசா இருக்கிறது, தங்கைக்குக் கல்யாணம் இருக்கிறது. தீபனின் எழுத்துக்குக் கீழே சபாஷ் மச்சி என்று எழுதியவர்களெல்லாம் ஒரே நாளில் தங்கள் வரிகளை அழித்துவிட்டார்கள்.

கோவிந்தம்மாவுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நாறின மீனைப் போட்டவன் வெளியே, நாறுகிறது என்று சொன்னவன் ஸ்டேஷனிலா? இது எந்த ஊர் நியாயம் என்று அவள் தெருவில் நின்று கேட்டாள். காலடிப்பேட்டையில் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிற யேசுதாஸ் வக்கீல் குமாஸ்தா. கோர்ட்டு விவகாரம் தெரிந்தவர் என்று அவர் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள்.

யேசுதாஸ் தனக்குத் தெரிந்த இரண்டு வக்கீல்களைக் கேட்டுவிட்டு வந்து சொன்னார். "கோயிந்தம்மா, மீனு நாறுச்சா இல்லியான்றது அங்க கேள்வியே இல்ல. நாலு பேரு பாக்கற எடத்துல ஒருத்தன் பேரைக் கெடுத்து எழுதினியா இல்லியா, அவ்ளோதான். நெசம்னு சொல்லித் தப்பிக்க முடியாது. எழுதினதே குத்தம்."

அப்படியானால் இங்கே தினமும் நான் கத்துகிறேனே, என்னை எவன் பிடித்தான் என்றாள். இங்கேயும் சட்டம் இருக்கிறது, கேஸ் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும், அதனால் எவனும் போடுவதில்லை, அங்கே முதலில் உள்ளே வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்கள் என்று அவர் விளக்கினார். ஒரே வழிதான் உண்டு. புகார் கொடுத்தவரே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மன்னிப்புக் கேட்டு, எழுதியதை அழித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை யேசுதாஸ் இரண்டு தடவை சொன்னார்.

அந்த வாரம் தீபனே போனில் பேசினான். முதலாளி கூப்பிட்டு அனுப்பியிருந்தார். எழுதியதெல்லாம் பொய், ஓட்டல் மீன் நல்ல மீன் என்று அதே இடத்தில் எழுதிவிட்டால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். எழுதிவிடலாமா என்று பார்க்கிறேன் என்றான். குரல் இறங்கியிருந்தது. அந்த இறக்கம்தான் கோவிந்தம்மாவைக் கிளப்பிவிட்டது.

"நாறின மீன நல்ல மீனுன்னு எய்துவியா நீ? எவ வயித்துல பொறந்த? எய்தாத. நான் கீறேன், நான் பாத்துக்கறேன்."

அவன் எழுதவில்லை. பெற்றவள் பேச்சைக் கேட்டான், பாவி.

பார்த்துக்கொள்கிறேன் என்றால் அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மறுநாள் மீனை விற்று முடித்ததும் காலிக் கூடையோடு நேரே ராயபுரம் போனாள். சாப்பாட்டு நேரம், மீன் படம் போட்ட ஓட்டலில் கூட்டம் நெரிந்தது. வாசலில் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். ஷார்ஜாவில் இவன் அண்ணன் பொணம் சமைக்கிறான் என்றாள். சொன்ன பிள்ளையைப் பிடித்துப் போலீசில் கொடுத்திருக்கிறான் என்றாள். பிறகு அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்கள், பிறக்கப் போகிறவர்கள் ஒருத்தரையும் பாக்கி வைக்கவில்லை. சாலையில் போன லாரிகூட நின்று கேட்டது.

அவள் மனசில் இருந்த கணக்கு சுத்தமானது. தம்பிக்காரர் வெளியே வருவார், அவரும் கத்துவார். கூட்டம் கூடும். நாலு பெரிய மனிதர்கள் உள்ளே நுழைந்து, சரி, உட்காருங்கள் என்பார்கள். அண்ணனுக்குப் போன் போகும். இரண்டு பக்கமும் பேசி, பிள்ளை வீடு வந்து சேருவான்.

தம்பிக்காரர் வெளியே வரவில்லை. வெள்ளைச் சட்டையில் கல்லாவில் உட்கார்ந்தபடி, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தொண்டை கட்டுகிற வரைக்கும் அந்தக் கை இறங்கவில்லை. திட்டுக்குப் பதில் திட்டு வராமல் போனது கோவிந்தம்மாவின் ஆயுசில் அதுதான் முதல் தடவை. வாயடைத்துப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டு கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து, பேச்சுவார்த்தைக்கு ஆள் வரும் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆள் வரவில்லை. ரஹீமின் போன்தான் வந்தது. தம்பி எடுத்த படம் அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் குடும்பத்தை விட்டு மிரட்டுகிறான் என்று முதலாளி மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். தீபனைப் பட்டறையிலிருந்தே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தத் தடவை வெளியே விடவில்லை.

பவானி அதைச் சொல்லி முடித்ததும் கோவிந்தம்மா எழுந்து உள்ளே போனாள். கூடையைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அது நசுங்குகிற வரைக்கும் அடித்தாள். கோபம் யார் மேல் என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. ஓட்டல்காரன் மேல், அந்தச் சட்டத்தின் மேல், வரிகளை அழித்துவிட்டு ஓடியவர்கள் மேல், எழுதாதே என்று சொன்ன தன் வாய் மேல். கடைசியாகச் சொன்னதன் மேல்தான் அதிகம் என்று தெரிந்தபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் அன்று யாருக்கும் அவள் குரல் கேட்கவில்லை.

யேசுதாஸ்தான் ராயபுரத்துக்குப் போய்த் தம்பிக்காரரைக் கெஞ்சினார். அவர் சத்தம் போடாமல் சிரித்த முகத்தோடு பேசினாராம். பையன் எழுதிக் கொடுக்கட்டும், அது அண்ணன் பாடு என்றார். ஆனால் அந்தம்மா என் வாடிக்கையாளர்கள் முன்னால் என் வாசலில் கத்தியது. அதே சாப்பாட்டு வேளையில் வந்து, உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மீன் நல்ல மீன் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லட்டும். படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்புகிறேன், அவர் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்றார்.

கேட்டதும் கோவிந்தம்மா முடியாது என்றாள். செத்தாலும் அந்தப் பந்தியில் உட்கார மாட்டேன் என்றாள். யேசுதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். பவானி அழுதாள். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த கோதண்டம் கையை நிறுத்தினார்.

"உன் வாயி பெருசா, புள்ள பெருசா? போய்த் துன்னுட்டுச் சொல்ட்டு வா."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னது இந்த ஒன்றுதான்.

நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, பவானியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தம்பிக்காரர் எழுந்து வந்து, வாங்கம்மா என்று நடு மேஜையைக் காட்டினார். வாழை இலை போட்டார்கள். சோறு, குழம்பு, வறுத்த வஞ்சரத் துண்டு ஒன்று. கோவிந்தம்மா அதை விரலால் பிட்டாள். சதை வெள்ளையாக, இதழ் இதழாகப் பிரிந்தது. வாயில் வைத்தாள். புத்தம் புது மீன். ஒருவேளை அன்று காலையில் அவளே ஏலத்தில் கேட்டு, கட்டுப்படியாகாமல் விட்ட மீனாகக்கூட இருக்கும்.

நாறியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. மீன் தெரியாத குடும்பம், கருமத்தைத் தெரியாமல் சமைக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். இவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. எது நல்ல மீன், எங்கே வாங்க வேண்டும், எப்படி வறுக்க வேண்டும் எல்லாம் தெரிகிறது. இங்கே நாறின மீன் போட்டால் இவளைப் போல ஒருத்தி வாசலில் வந்து நிற்பாள், மானத்தை வாங்கிவிடுவாள். ஷார்ஜாவில் நிற்க எவளும் இல்லை. அங்கே சாப்பிடுகிறவனுடைய பாஸ்போர்ட் கம்பெனியிடம், பிழைப்பு விசாவில், வாய் சட்டத்துக்குள். அதனால் இங்கே புது மீன், அங்கே பொணம். அண்ணனும் தம்பியும் தெரிந்துதான் செய்கிறார்கள்.

அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. சொல்லியிருந்தால் ராயபுரமே கேட்டிருக்கும். ஒரு கவளம் சோற்றை உருட்டி அதன் மேல் வைத்து விழுங்கினாள்.

"மீன் நல்லா கீது," என்றாள்.

தம்பிக்காரர் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி, அன்றைக்குக் கத்தின சத்தத்தில் பாதிகூட இல்லையே என்றார். மறுபடியும் சொன்னாள். எப்பவும் நல்லா இருக்கும்னு சொல்லுங்க என்றார். அதையும் சொன்னாள். ஷார்ஜா ஓட்டலையும் சேர்த்துச் சொல்லுங்க என்றார். கோவிந்தம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பவானி மேஜைக்கு அடியில் அம்மாவின் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதையும் சொன்னாள். பக்கத்து மேஜைக்காரர்கள் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்கள் இலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் ஏலத்தில் அவள் திட்டிய திட்டைக் கேட்டு ஏலக்காரனே கையெடுத்துக் கும்பிட்டான். தாயே, மீனைத் திட்டு, என்னை விட்டுடு என்றான். யாரும் சிரிக்கவில்லை.

தீபன் எழுதிக் கொடுத்தான். ஆர்குட்டில் மன்னிப்புப் போட்டான். முதலாளி புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார், கேஸ் முடிந்தது. போலீஸ் கேஸில் மாட்டியவன் எங்களுக்கு வேண்டாம் என்று கம்பெனி விசாவை ரத்து செய்து விமானம் ஏற்றிவிட்டது. ரஹீம் விமான நிலையம் வரைக்கும் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டானாம். அந்த ஓட்டலில் மாதச் சாப்பாடு அப்படியே நடந்துகொண்டிருந்தது.

வந்து இறங்கிய தீபனைப் பார்த்து, இளைத்துவிட்டான் என்றார்கள், கறுத்துவிட்டான் என்றார்கள். கோவிந்தம்மாவுக்கு வேறொன்று பட்டது. அவன் தணிந்து பேசினான். என்னடா ஆச்சு என்று கேட்டு வந்தவர்களிடம், ஒண்ணுமில்ல, கான்ட்ராக்ட் முடிஞ்சு போச்சு என்றான். ஆர்குட்டில் தன் கணக்கையே அழித்துவிட்டான். என் பெயரை எங்கேயும் எழுதாதே என்று பவானியிடம் சொல்லி வைத்தான். டீக்கடையில் தோஸ்துகள் கவுன்சிலரைத் திட்ட ஆரம்பித்தால் பாதி டீயோடு எழுந்துவிடுவான். வீட்டில் எதைப் பேசுவதற்கு முன்னாலும் ஒரு தடவை திரும்பி வாசலைப் பார்ப்பான். எவன்டா கீறான் அங்க என்று அவள் கேட்டால் சிரிப்பான். அவன் ஷார்ஜாவிலேயே விட்டுவிட்டு வந்த பழைய தீபனைத் தேடி யாரிடம் போய்க் கத்துவது?

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகளெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடந்தன, ஏலத்தில் வாங்குகிற மாதிரி ஒன்றுமில்லை. கோதண்டம் ஆற்றில் வலை போட்டுக் கொஞ்சம் மடவை கொண்டு வந்தார். கழுவும்போதே கோவிந்தம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, மண்ணெண்ணெய் வாடை தலைக்கு ஏறியது. புளியைக் கூடக் கரைத்தாள், பூண்டை நசுக்கிப் போட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, கரைத்து வைத்த புளியில் பாதியைக் கீழே கொட்டினாள். வாடை வாடையாகவே இருக்கட்டும் என்று விட்டாள்.

மத்தியானம் மகனுக்குச் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, நல்ல நடுத்துண்டாகப் பார்த்து வைத்தாள். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தாள். கரண்டி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. தட்டைத் தள்ளு, பூனைகூடத் துன்னாது என்று சொல்லு, தெருவுக்குக் கேட்கக் கத்து என்று மனசுக்குள் அவனைக் கெஞ்சினாள்.

தீபன் ஒரு வாய் வைத்தான். முகம் ஒரு நொடி சுருங்கியது. மென்று விழுங்கினான். அடுத்த வாய்க்குச் சோற்றைப் பிசைந்தான்.

"எப்பிடிடா கீது?" என்று கேட்டாள்.

"மீன் நல்லா கீதும்மா."

ராயபுரத்து இலையில் அவள் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். கோவிந்தம்மா எழுந்தாள். குழம்புச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி வாசலில் எறிந்தாள். மண்சட்டி சுக்கலாகிக் குழம்பு தெருவில் ஓடியது. நாறுதுன்னு சொல்லுடா என்று அலறினாள். ஒரே ஒரு தடவை சொல்லுடா, உன் ஆத்தா வெச்ச கொயம்புதானடா, எவன்டா உன்ன புடிச்சுக்கினு போவான் என்று மாரில் அடித்துக்கொண்டு கேட்டாள். எதிர் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கோதண்டம் வலையை விட்டு ஓடி வந்தார்.

தீபன் எச்சில் கையோடு எழுந்து வாசலுக்குப் போனான். தெருவில் யார் யார் நிற்கிறார்கள், யார் கையில் செல்போன் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் பார்த்தான். கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். திரும்பி வந்து தட்டின் முன் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தான்.